'மனிதத் தவறு' என்று எழுதி முடித்துவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கணினி சம்பந்தப்பட்ட விபத்தோ குளறுபடியோ நடந்தால், அதைப் பற்றிய செய்தி பெரும்பாலும் ஒரே இடத்தில் போய் நின்றுவிடுகிறது. 'இயக்கியவர் தவறான பொத்தானை அழுத்திவிட்டார்', 'விண்ணப்பதாரர் விவரங்களைத் தப்பாகப் பதிந்துவிட்டார்', 'மனிதத் தவறே காரணம்'. நாங்கள் மனிதர்–கணினி ஊடாட்டம் என்ற துறையில் ஆய்வு செய்பவர்கள். எங்களுக்கு அந்த வாக்கியத்தில்தான் விசாரணையே தொடங்கும். அவர் ஏன் அந்தப் பொத்தானை அழுத்தினார், சரியான பொத்தான் எவ்வளவு தள்ளி இருந்தது, அழுத்தியதும் திரை என்ன சொன்னது, திருத்திக்கொள்ள வழி இருந்ததா என்று கேட்டுக்கொண்டே போனால், அநேகமாக ஒரு வடிவமைப்புக் குறையில் போய் முட்டும். இந்தக் கேள்விகள் செய்திகளிலும் வர வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறோம். கடிதம் நீண்டுவிட்டது, விவரம் இல்லாமல் சொன்னால் வெறும் குறைகூறலாகிவிடும் என்பதால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பார்வை கணினிகள் பரவுவதற்கு முன்பே பிறந்தது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பி-17 ரக விமானங்கள் பத்திரமாகத் தரையிறங்கிய பிறகு, ஓடுபாதையிலேயே சக்கரங்கள் மடங்கி வயிறு உரசிச் சேதமாயின. பைலட்கள் கவனமில்லாதவர்கள் என்று பேச்சு. அல்போன்ஸ் சப்பானிஸ் என்ற உளவியலாளர் காக்பிட்டைப் பார்த்தபோது, இறக்கைத் தட்டுகளை இயக்கும் சுவிட்சும் சக்கரங்களை மடக்கும் சுவிட்சும் பக்கத்துப் பக்கத்தில், ஒரே உருவத்தில் இருப்பது தெரிந்தது. சக்கர சுவிட்சின் முனையில் சிறு ரப்பர் சக்கரத்தையும், இறக்கைத் தட்டு சுவிட்சில் ஆப்பு வடிவத்தையும் பொருத்தியதும் பார்க்காமலேயே கைக்கு வித்தியாசம் தெரிந்தது. 1947-இல் பால் ஃபிட்ஸும் ரிச்சர்ட் ஜோன்ஸும் 'பைலட் தவறு' என்று பெயரிடப்பட்ட 460 சம்பவங்களை வகைபிரித்தார்கள். அவற்றில் மிகப் பெரிய பங்கு, ஒரு கட்டுப்பாட்டை இன்னொன்று என்று நினைத்து இயக்கியவை.

கணினி யுகத்தில் இதற்கு இணையான, மனதை உலுக்கும் உதாரணம் தெராக்-25 என்ற கதிரியக்கச் சிகிச்சைக் கருவி. 1985-க்கும் 1987-க்கும் இடையில் இந்தக் கருவியால் ஆறு பேர் அளவுக்கு மிஞ்சிய கதிர்வீச்சுக்கு ஆளானார்கள். அவற்றில் 1986 மார்ச்சில் அமெரிக்காவில் நடந்த ஒன்றை மட்டும் விசையழுத்தம் விசையழுத்தமாகப் பார்ப்போம்.

கருவியை இயக்கும் ஊழியரான இயக்குநர் அனுபவசாலி. அன்றைய நோயாளிக்கு எலக்ட்ரான் கற்றை தர வேண்டும். அதற்கு 'இ' என்ற ஆங்கில எழுத்து. ஆனால் பெரும்பாலான நோயாளிகளுக்கு எக்ஸ்-கதிர்தான் என்பதால் விரல் பழக்கத்தில் 'எக்ஸ்' அடித்துவிட்டார். மற்ற விவரங்களை எல்லாம் நிரப்பிய பிறகு கண்ணில் பட்டது. மேல்நோக்கு அம்புவிசையால் அந்தக் கட்டத்துக்குப் போய் 'இ' என்று மாற்றினார். மீதி விவரங்கள் சரிதான் என்பதால் ரிட்டர்ன் விசையை மளமளவென்று தட்டிக் கீழே வந்தார். எல்லாம் 'சரிபார்க்கப்பட்டது' என்று திரை காட்டியது. 'பி' அடித்துச் சிகிச்சையைத் தொடங்கினார்.

கருவிக்குள் நடந்தது வேறு. கற்றையை வளைக்கும் காந்தங்கள் நிலைக்கு வர சுமார் 8 நொடி ஆகும். அந்த 8 நொடிக்குள் செய்த திருத்தத்தை மென்பொருள் கவனிக்கவே இல்லை. திரையில் எலக்ட்ரான், உள்ளே பாதி எக்ஸ்-கதிர் அமைப்பு. கருவி நின்று 'மால்ஃபங்ஷன் 54' என்று காட்டியது. அந்த எண்ணுக்கு என்ன பொருள் என்று இயக்குநர் கையேட்டில் விளக்கம் கிடையாது. கருவியின் சொந்தக் கணக்கில் 202 அலகு தர வேண்டிய இடத்தில் 6 அலகுதான் போயிருப்பதாகத் திரை சொன்னது, அதாவது மிகக் குறைவு என்று. இப்படிச் சின்னச் சின்னக் கோளாறுச் செய்திகள் காட்டி நிற்பது அந்தக் கருவியின் அன்றாட வழக்கம். ஒரே விசையைத் தட்டினால் தொடரும். தட்டினார். 180 ராட் (உடல் ஏற்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) பெற வேண்டியவர் 16,500 முதல் 25,000 ராட் வரை பெற்றிருப்பார் என்று பின்னர் மதிப்பிட்டார்கள். ஐந்து மாதத்தில் அவர் இறந்துபோனார்.

விசைகளைத் தட்டியது ஒரு மனிதரின் விரல்தான். ஆனால் அந்த ரிட்டர்ன் விசை வசதி எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். விவரங்களைத் திரும்பத் திரும்ப அடிக்க நேரமாகிறது என்று இயக்குநர்கள் முறையிட்ட பிறகு உற்பத்தியாளர் சேர்த்துக் கொடுத்தது அது. அனுபவம் கூடக்கூட வேகம் கூடும். வேகம் 8 நொடிக்குள் வந்தபோது பிழை வெளிப்பட்டது. மெதுவாகத் தட்டி எத்தனை முறை சோதித்தாலும் இது வெளியே வராது. சம்பந்தப்பட்ட இயக்குநரும் மருத்துவமனையின் இயற்பியலாளரும் உட்கார்ந்து, எந்த வேகத்தில் தட்டினால் பிழை வருகிறது என்று பொறுமையாகத் தேடியதால்தான் காரணமே தெரிந்தது. இதே மென்பொருள் பிழை முந்தைய மாடலான தெராக்-20-இலும் இருந்தது; அங்கே மின்சுற்றில் தனிப் பாதுகாப்பு இருந்ததால் ஃப்யூஸ் போனதோடு சரி. ஆக, 'மனிதத் தவறு' என்று எழுதி மூடியிருந்தால் அடுத்த நோயாளிக்கும் இதேதான் நடந்திருக்கும். காரணம் தெரிவதற்கு முன்பே, ஏப்ரலில் அதே இடத்தில் இன்னொருவருக்கு நடக்கவும் செய்தது.

'நன்றாகப் பயிற்சி கொடுத்தால் போதுமே' என்று பலர் சொல்வார்கள். தெரியாமல் செய்யும் பிழை வேறு, தெரிந்தும் கை வழுக்கும் பிழை வேறு. முதல் வகைக்குப் பயிற்சி உதவும். இரண்டாவது வகை பயிற்சி பெற்றவர்களுக்கே உரியது, ஏனென்றால் பழகிய செயலை மனம் மேற்பார்வை இல்லாமல் ஓட்டுகிறது. ஏடிஎம்மில் கார்டை மறந்துவிட்டு வருவது இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. போன காரியம் பணம் எடுப்பது. பணம் கைக்கு வந்ததும் காரியம் முடிந்துவிட்டதாக மனம் கணக்கை மூடிவிடுகிறது. அதற்குப் பிறகு மிச்சமிருக்கும் எந்த வேலையும் விட்டுப்போகும். மைக்கேல் பைர்னும் சூசன் போவேரும் 1997-இல் இதை ஆய்வகத்தில் ஆராய்ந்து காட்டினார்கள். நினைவில் சுமை கூடும்போது இந்தப் பிழை அதிகமாகிறது. 'கார்டை மறக்காதீர்கள்' என்று ஒட்டிவைக்கும் அறிவிப்பு பெரிதாக உதவாது. கார்டை எடுத்தால்தான் பணம் வரும் என்று வரிசையை மாற்றினால் பிழைக்கு இடமே இல்லை. நகலெடுக்கும் இயந்திரத்தின் மூடிக்கடியில் மூலப்பிரதியை விட்டுவிட்டு வருவதும் இதே நோய்தான். ஒரு ஆப்பில் 'வெற்றிகரமாகப் பதிவானது' என்று பச்சை நிறத்தில் காட்டிவிட்டு, அதற்குக் கீழே 'உறுதிசெய்' என்று இன்னொரு பொத்தான் வைத்தால், பாதிப் பேர் அதை அழுத்தாமல் போவார்களே என்று வடிவமைப்பவர் முன்கூட்டியே பயப்பட வேண்டும்.

பாஸ்வேர்டையும் இங்கே சொல்லியாக வேண்டும். குறிப்பிட்ட நாளுக்கு ஒருமுறை கட்டாயமாக மாற்று என்ற விதியை மக்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள்? கடைசி எண்ணை 1-லிருந்து 2 ஆக்குகிறார்கள். வட கரோலினா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், பழைய பாஸ்வேர்டு தெரிந்தால் 41 சதவீதக் கணக்குகளின் புதியதை 3 நொடிக்குள் கண்டுபிடிக்க முடிந்தது. அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட், கசிந்ததற்கான அறிகுறி இல்லாமல் இப்படிக் காலக்கெடு வைத்து மாற்றச் சொல்ல வேண்டாம் என்று 2017-இல் வழிகாட்டியது. அதற்குப் பிறகும் இந்த விதியை வைத்துக்கொண்டு 'மக்களுக்கு விழிப்புணர்வு போதவில்லை' என்று பேசுவது நியாயமில்லை.

நல்ல வடிவமைப்பு எது என்பது ரசனை சார்ந்த விஷயம், அளக்க முடியாது என்று ஒரு எண்ணம் இருக்கிறது. அளக்கலாம். ஒரு குறியைத் தொட ஆகும் நேரம் அதன் தூரம் கூடினால் கூடும், அதன் அகலம் கூடினால் குறையும் என்பதை ஃபிட்ஸ் 1954-இலேயே சூத்திரமாக்கிவிட்டார். தொடுதிரையில் கட்டைவிரலால் தொடும் தனிப் பொத்தான் 9 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்பது 2006-இல் வந்த ஒரு ஆய்வின் முடிவு. 'அனுப்பு', 'அழி' இரண்டையும் 5 மில்லிமீட்டர் உயரத்தில் ஒட்ட ஒட்ட வைத்தால் விரல் எதைத் தொடும் என்பது அதிர்ஷ்டம்தான். காத்திருப்புக்கும் எல்லைகள் உண்டு. பத்தில் ஒரு நொடிக்குள் திரை அசைந்தால் நம் கைதான் அசைத்தது என்று தோன்றும். ஒரு நொடி வரை சிந்தனை அறுபடாது. 10 நொடியைத் தாண்டினால் கவனம் வேறு வேலைக்குப் போய்விடும். 'செலுத்து' என்று அழுத்திய பிறகு 10 நொடி எதுவுமே அசையாத திரை மறுபடி அழுத்தச் சொல்லித்தான் தூண்டும். இரண்டு முறை பணம் போனால், அது இரண்டு முறை அழுத்தியவரின் குற்றமா?

ஒரு படிவத்தைக் கட்டும் முன்பே நேரத்தைக் கணக்கிடவும் வழி இருக்கிறது. ஸ்டூவர்ட் கார்ட், தாமஸ் மோரன், ஆலன் நியூவல் மூவரும் 1980-இல் வெளியிட்ட விசையழுத்த மாதிரியில், மவுஸால் ஓர் இடத்தைச் சுட்ட 1.1 நொடி, கிளிக் 0.2, கையை மவுஸுக்கும் விசைப்பலகைக்கும் இடையில் நகர்த்த 0.4, மனதில் ஒரு முடிவெடுக்க 1.35, சாதாரணமாகத் தட்டச்சு தெரிந்தவருக்கு ஒரு விசைக்கு 0.28. பிறந்த தேதியை நாள், மாதம், ஆண்டு என்று மூன்று விரிமெனுக்களில் கேட்டால், ஒவ்வொன்றுக்கும் ஒரு முடிவு, இரண்டு சுட்டல், இரண்டு கிளிக்: 1.35 + 2.2 + 0.4 = 3.95 நொடி. மூன்றுக்கும் சேர்த்து 11.85. ஆண்டுப் பட்டியலை உருட்டித் தேடும் நேரம் இதில் சேரவில்லை. வயது கூடக்கூட அது நீளும். ஒரே கட்டத்தில் எட்டு இலக்கம் அடிக்கவிட்டால், சுட்டல் 1.1, கிளிக் 0.2, கை மாற்றம் 0.4, முடிவு 1.35, எட்டு விசைக்கு 2.24, ஆக 5.29 நொடி. பாதிக்கும் குறைவு. பழகியவர் பிழையில்லாமல் செய்யும்போது ஆகும் நேரத்தை மட்டுமே இந்தக் கணக்கு சொல்லும் என்பதை மறக்கக் கூடாது. புதியவர் எங்கே தடுமாறுவார் என்பதை இது காட்டாது.

கணக்கு பயனற்றது என்று நினைப்பவர்களுக்கு நைனெக்ஸ் தொலைபேசி நிறுவனத்தின் அனுபவத்தைச் சொல்லலாம். ஆபரேட்டர்களுக்காக வாங்கவிருந்த புதிய கணினிகள் வேகமானவை என்று விளம்பரம். வெய்ன் கிரே, பானி ஜான், மைக்கேல் அட்வுட் மூவரும் இதே குடும்பத்தைச் சேர்ந்த நுணுக்கமான மாதிரி ஒன்றால் கணக்கிட்டு, ஓர் அழைப்புக்கு அரை நொடிக்கும் கூடுதலாகத் தாமதம்தான் ஆகும் என்றார்கள். களச் சோதனையிலும் அதுவே நடந்தது. மிச்சமானதாகத் தெரிந்த விசையழுத்தங்கள், ஆபரேட்டர் வாடிக்கையாளரிடம் பேசிக்கொண்டிருக்கும் நேரத்தில் எப்படியும் நடந்து முடிந்தவை. கூடுதலாக வந்த விசையழுத்தங்களோ, அடுத்த வேலையைக் காக்கவைக்கும் இடத்தில் வந்து உட்கார்ந்தன. ஆபரேட்டர்கள் புதுக் கருவியைப் பழக மறுக்கிறார்கள் என்று சொல்லியிருந்தால் எவ்வளவு பெரிய அநியாயம்.

இனி சோதனை முறை. மென்பொருள் வாங்கும் அலுவலகங்களும் செய்பவர்களும் இதைச் செலவு பிடித்த வேலை என்று தள்ளிவைக்கிறார்கள். ஒரு அறை, உண்மையான பயனாளர்கள் ஐந்து பேர், குறிப்பெடுக்க ஒருவர், நடத்த ஒருவர், இரண்டு நாள். அவ்வளவுதான் தேவை. ஆனால் எங்கே கெட்டுப்போகும் என்று தெரிந்து செய்ய வேண்டும்.

முதலில் கெடுவது ஆள் தேர்வில். பக்கத்து மேசை ஊழியரை உட்காரவைத்தால் அவருக்கு அலுவலகத்தின் சொற்கள் ஏற்கெனவே தெரியும். வெளியாட்கள் வேண்டும், மூக்குக்கண்ணாடி இல்லாமல் படிக்க முடியாதவர், திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் திரைவாசிப்பான் வைத்துப் பயன்படுத்துபவர், சின்னத் திரை போன் மட்டும் வைத்திருப்பவர் அதில் இருக்க வேண்டும். தெராக் உதாரணம் சொல்வதுபோல், அந்த வேலையில் கை தேர்ந்த வேகக்காரரும் ஒருவர் வேண்டும்.

இரண்டாவது, கொடுக்கும் வேலையின் வாசகம். திரையில் 'முகவரி மாற்றம்' என்று பொத்தான் இருக்கும்போது, 'முகவரியை மாற்றுங்கள்' என்று சொன்னால் அவர் சொல்லைத் தேடிப் பொருத்துவார், சோதனை அங்கேயே வீண். 'நீங்கள் போன வாரம் வேறு வீட்டுக்குக் குடிபோய்விட்டீர்கள். இனி வரும் கடிதங்கள் அங்கே வர வேண்டும்' என்று நிலைமையைச் சொல்ல வேண்டும்.

மூன்றாவது, நடத்துபவரின் வாய். மனதில் ஓடுவதைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள் என்று கேட்டு, இரண்டு நிமிடம் வேறு ஏதாவது ஒரு ஆப்பில் பழக்கிவிட வேண்டும். பிறகு நடத்துபவர் பேசக் கூடாது. 'இதை அழுத்தவா?' என்று கேட்டால், 'நான் இங்கே இல்லாவிட்டால் என்ன செய்வீர்கள்?' என்பதுதான் பதில். வடிவமைத்தவரே நடத்தினால் முப்பது நொடிகூடத் தாங்க மாட்டார். 'அந்த மூலையில் பாருங்கள்' என்று சொல்லிவிடுவார். அவர் பின்னால் உட்கார்ந்து எழுதட்டும். 'உங்களைச் சோதிக்கவில்லை, இந்த மென்பொருளைத்தான் சோதிக்கிறோம். எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம்' என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லி, பதிவு செய்வதற்கு ஒப்புதல் வாங்க வேண்டும். இதைச் சொல்லாவிட்டால் மக்கள் வெட்கப்பட்டுத் தடுமாற்றத்தை மறைப்பார்கள். வாய்விட்டுச் சொல்லும் சோதனையில் ஸ்டாப்வாட்ச் வைத்து நேரம் எடுப்பதும் தவறு, பேச்சே வேலையை மாற்றிவிடும். நேரம் வேண்டுமென்றால் தனிச் சுற்று வையுங்கள். இரண்டு வடிவங்களை ஒப்பிட்டால், பாதிப் பேருக்கு முதல் வடிவத்தையும் மீதிப் பேருக்கு இரண்டாவதையும் முன்னால் கொடுங்கள். இல்லையேல் இரண்டாவதாக வந்தது பழக்கத்தால் ஜெயித்துவிடும்.

ஏன் ஐந்து பேர்? யாக்கப் நீல்சனும் தாமஸ் லாண்டவரும் 1993-இல் எழுதியபடி, ஒரு குறை ஒரு பயனாளருக்குத் தென்படும் வாய்ப்பு 31 சதவீதம் என்று வைத்தால், ஐந்து பேரில் ஒருவராவது அதில் சிக்கும் வாய்ப்பு சுமார் 84 சதவீதம். இந்த எண் பிரபலமாகிவிட்டது. அதற்கு அடிப்படையான 31 மறந்துபோனது. பத்தில் ஒருவருக்கு மட்டும் தென்படும் குறையென்றால் ஐந்து பேரில் அது வெளிப்பட 41 சதவீத வாய்ப்புதான். லாரா ஃபாக்னர் 2003-இல் 60 பேரைச் சோதித்து, அவர்களிலிருந்து ஐந்தைந்து பேராகக் குலுக்கி எடுத்துப் பார்த்தார். சில குழுக்கள் கிட்டத்தட்ட எல்லாக் குறைகளையும் கண்டன. சில 55 சதவீதத்தோடு நின்றன. ஆகவே ஐந்து பேர் போதும் என்று ஒரே சுற்றோடு விடாமல், ஐவரைச் சோதித்து, திருத்தி, வேறு ஐவரைக் கூப்பிட்டு மறுபடி சோதிப்பதுதான் முறை. இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. ஐந்து பேரும் வேலையை முடித்துவிட்டார்கள் என்பதால் எல்லோராலும் முடியும் என்று அறிவிக்காதீர்கள். 95 சதவீத நம்பிக்கையில் பார்த்தால், நூற்றுக்கு 45 பேர் வரை தோற்கும் ஒரு மென்பொருளிலும் ஐந்துக்கு ஐந்து ஜெயிக்க முடியும்.

முடிவில் ஒரு கேள்வித்தாள் கொடுப்பது வழக்கம். ஜான் புரூக் 1986-இல் உருவாக்கிய பத்து வாக்கிய அளவுகோல்தான் பரவலானது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பயனாளர் 1 முதல் 5 வரை மதிப்பெண் தருவார். ஒற்றைப்படை வாக்கியங்களில் மதிப்பெண்ணிலிருந்து 1-ஐக் கழித்து, இரட்டைப்படையில் 5-லிருந்து மதிப்பெண்ணைக் கழித்து, கூட்டி, 2.5-ஆல் பெருக்கினால் 0 முதல் 100 வரை வரும். இது சதவீதம் அல்ல. சராசரியே 68 என்பதால், '65 சதவீதம் பேருக்குத் திருப்தி' என்று யாராவது அறிக்கை விட்டால் அது சராசரிக்கும் கீழ் என்று புரிந்துகொள்ளுங்கள்.

எங்கள் துறையின் பக்கமும் குறை இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. துறையின் முதன்மை மாநாடான சிஹெச்ஐ-யின் 2016 முதல் 2020 வரையிலான கட்டுரைகளை ஆராய்ந்தவர்கள், 73 சதவீத முடிவுகள் மேற்கத்திய நாட்டுப் பங்கேற்பாளர்களைக் கொண்டே எட்டப்பட்டவை என்று 2021-இல் காட்டினார்கள்; அந்த நாடுகளில் இருப்பது உலக மக்கள்தொகையில் 12 சதவீதத்துக்கும் குறைவு. ஒரே பெயர் உள்ளவரிடம் குடும்பப் பெயரைக் கட்டாயமாகக் கேட்கும் படிவமும், நீளமான சொற்கள் பொத்தானுக்குள் வெட்டுப்பட்டு நிற்பதும் இந்தப் பாரபட்சத்தின் விளைவுகளே. அப்படிப்பட்ட படிவத்தில் கட்டத்தை நிரப்ப ஒருவர் ஒரு புள்ளியையோ தன் பெயரையே இரண்டாம் முறையோ போட்டால், பிற்பாடு 'ஆவணங்களில் பெயர் பொருந்தவில்லை' என்று விண்ணப்பம் தள்ளுபடியாகிறது. அதையும் விண்ணப்பதாரர் தவறு என்றே பதிவு செய்கிறார்கள்.

உங்கள் நிருபர்களிடம் எங்கள் வேண்டுகோள் இதுதான். அடுத்த முறை 'தவறாக அழுத்திவிட்டார்' என்று யாராவது விளக்கம் தந்தால், அந்தத் திரையின் படத்தைக் கேட்டு வாங்குங்கள். அழுத்துவதற்கு முன்னும் பின்னும் திரை காட்டிய சொற்களை அப்படியே அச்சிடுங்கள். திரும்பப் பெற வழி இருந்ததா, எத்தனை நொடிக்குள் என்று கேளுங்கள். அதே பிழையை வேறு யாரேனும் இதற்கு முன் செய்திருக்கிறார்களா, அந்தப் புகார்கள் எங்கே போயின என்று கேளுங்கள். பிறகு, இந்த மென்பொருள் பயன்பாட்டுக்கு வருவதற்கு முன் எத்தனை பேரைக் கொண்டு, எந்தத் தேதியில், என்ன வேலை கொடுத்துச் சோதிக்கப்பட்டது என்ற பதிவேட்டைக் கேளுங்கள். அப்படியொரு பதிவேடே இல்லை என்று பதில் வந்தால், அந்தப் பதிலையும் செய்தியின் முதல் பத்தியில் போடுங்கள்.

இப்படிக்கு,
மனிதர்–கணினி ஊடாட்ட ஆய்வில் ஈடுபட்டிருக்கும் வாசகர்கள்